அத்திக்கொம்பு மணியம்

அந்தக் கொம்பைப் பார்க்கும்போதெல்லாம் டோன் எவாரிஸ்தோ சாண்டோவாலுக்கு வயிறு எரிந்தது. வெறும் அத்திக்கொம்பு. பட்டையைக்கூட ஒழுங்காகச் சீவவில்லை. அடியிலிருந்து ஒரு முழம் மேலே ஒரு கணு முண்டிக்கொண்டு நின்றது. ஆடு ஓட்டவும் லாயக்கில்லாத அதைப் பிடித்துக்கொண்டு அவருடைய தம்பி ரொசெந்தோ வாய்க்கால் கரையில் நடந்தால், வில்காபாத்தா ஊரின் ஆண்கள் அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

உண்மையான கோல் எவாரிஸ்தோவின் வீட்டில் இருந்தது. கூடத்துச் சுவரில், மாதா படத்துக்குக் கீழே, இரண்டு ஆணிகளின் மேல் கிடத்தி வைத்திருந்தார். கருமரம், தலையில் வெள்ளிப்பூண், பூணில் பாட்டனார் பெயரின் முதலெழுத்துகள். பாட்டனாருக்குப் பிறகு அப்பா. ஊரின் நீர்மணியம் சாண்டோவால் வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. காப்லினா ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்காலில் எந்த வீட்டுக்கு எப்போது தண்ணீர், யார் மடையைத் திறப்பது, யார் அடைப்பது என்று அந்தக் கோல்தான் சொல்லிவந்தது. நாலாபுறமும் மணல், நடுவில் ஒரு கோடு கிழித்தாற்போலப் பச்சை. அப்படிப்பட்ட இடத்தில் தண்ணீர் முறையைச் சொல்கிறவன்தான் பெரிய மனிதன். மற்றவர்கள் கேட்டுக்கொள்கிறவர்கள்.

பிறகு போர் வந்தது. பெரு தோற்றது, சிலி வென்றது. தாக்னா சீமை எந்த நாட்டுக்கு என்பதைப் பத்து ஆண்டுகள் கழித்து அங்குள்ள மக்களே வாக்களித்துச் சொல்லட்டும் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். பத்து முப்பதாயிற்று. வாக்கெடுப்பும் வரவில்லை, சிலிக்காரர்கள் போகவுமில்லை. பெருவின் கொடியை ஏற்றக் கூடாது என்றார்கள். பெருவின் பள்ளிக்கூடங்கள் கூடாது என்றார்கள். கடைசியில் பாதிரியார்களையும் எல்லைக்கு அப்பால் அனுப்பினார்கள். ஊர் மக்களும் தங்களுக்கென்று சில கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டார்கள். சிலியின் திருநாளன்று சன்னல்களை அடைத்துவிடுவார்கள். சிலி அதிகாரி வீட்டுக்கு வந்தால் மரியாதையாகப் பேசுவார்கள், ஆனால் நாற்காலி போட மாட்டார்கள். நின்றபடி வந்தவன் நின்றபடியே திரும்பிப் போக வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் மீறியவர்கள் இல்லை.

அப்பா கண்ணை மூடிய ஆண்டில் சிலியின் உதவி ஆட்சியர் கேப்டன் பஸ்குன்யான் எவாரிஸ்தோவைத் தேடி வந்தார். கூடத்தில் நின்றார். இனிமேல் நீர்மணியம் அரசு நியமனம் என்றார். மூத்த மகன் என்ற முறையில் அது எவாரிஸ்தோவுக்கே கிடைக்கும், ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

"எங்கப்பா கோலுக்கு உங்க முத்திரை வேண்டாம் கேப்டன். ரொம்ப நேரமா நிக்கிறீங்க. பாவம், குதிரையும் நிக்குது" என்று எவாரிஸ்தோ சொன்னார்.

அந்தப் பதிலை ஊர் திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்ந்தது. அவர் தெருவில் போனால் பெண்கள் சன்னலைத் திறந்து பார்த்தார்கள். வாழ்க்கையில் அதைவிட நல்ல நாட்கள் அவருக்கு வாய்த்ததில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ரொசெந்தோ அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டான். கோலைக் கேட்டு வீட்டு வாசலுக்கும் வந்தான்.

"சிலிக்காரன்கிட்ட வேலைக்குச் சேர்ந்தவன் கையில அப்பா கோலா? போடா."

"அண்ணே, நாம மாட்டோம்னு சொன்னா, தெற்கேயிருந்து அவங்க ஆள் ஒருத்தனைக் கொண்டுவந்து அந்த இடத்துல உக்கார வைப்பாங்க. அதுக்கப்புறம் நம்ம கொல்லைக்குத் தண்ணி வருமா?"

"வராட்டி வாடட்டும். மானத்தோட வாடட்டும்."

ரொசெந்தோ திரும்பி நடந்தான். முற்றத்தைக் கடக்கும்போது அத்தி மரத்தில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போனான். அந்த மரமும் எவாரிஸ்தோவுடையதுதான். அதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

தம்பி தடுமாறுவான் என்று காத்திருந்தார். பங்கு பிரிக்கத் தெரியாமல் அடிதடி வரும், ஊரார் தன் வாசலுக்கு வருவார்கள், தான் எழுந்து நின்று கோலை ஆணியிலிருந்து எடுப்போம் என்று அந்தக் காட்சியை மனத்துக்குள் பலமுறை நடத்திப் பார்த்திருந்தார். யாரும் வரவில்லை. விதவைகளின் முறை தவறவில்லை. வறட்சி ஆண்டில்கூட கடைமடையில் சோளம் விளைந்தது. ஒரு சண்டைக்காகக்கூட யாரும் நீதிமன்றம் போகவில்லை. தம்பி தேசத் துரோகி என்று ஊர் சொல்லியிருந்தால் எவாரிஸ்தோவால் அவனை மன்னித்திருக்க முடியும். ஊர் அப்படிச் சொல்லவில்லை. "ரொசெந்தோ இருக்கிறவரைக்கும் கவலையில்ல" என்று சொல்லிற்று. அதைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகஸ்டு மாதம் பிறந்தது. வாய்க்கால் தூர்வாரும் நாள் நெருங்கியது. திபுர்சியோ ஒரு குடுவை கொல்லைத் திராட்சை மதுவோடு வந்து உட்கார்ந்தார். எவாரிஸ்தோவின் மகளுக்கு ஞானத்தகப்பன் என்ற முறையில் அவர் கும்பாதிரி. எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர்.

"கும்பாதிரி, இந்த வருஷம் விஷயம் வேற மாதிரிப் போகுது. தலைமடைக்கு கேப்டனே வர்றாராம். மேட்டுல புதுசாக் குடியேத்தின அந்தத் தெற்குத்திச் சிலிக்காரங்களையும் கூட்டிட்டு வர்றாராம்."

"வரட்டும். வாய்க்கால் சேறு அவங்க பூட்ஸுக்கும் கொஞ்சம் ஒட்டட்டும்."

"சிரிக்காதீங்க. முதல் முறையை அவங்களுக்குக் கேக்கறாரு."

எவாரிஸ்தோ கோப்பையைக் கீழே வைத்தார். முதல் முறை சாண்டோவால் வீட்டுடையது. ஆற்றிலிருந்து தண்ணீர் இறங்கியதும் முதலில் நனைவது அவர்கள் நிலம்தான். அது வெறும் தண்ணீர் இல்லை. ஊரின் வீடுகளைச் சொல்லும்போது எந்தப் பெயரிலிருந்து தொடங்குவது என்பதே அதுதான்.

"எங்க முறையை எவன் கேக்கறது?"

"அங்கேதான் சிக்கல். மண்வெட்டி வராத வீட்டுக்கு முறை கிடையாது. உங்க பாட்டனார் காலத்துச் சட்டம். அப்பா போனதுல இருந்து தூர்வார உங்க வீட்டு மண்வெட்டி வந்திருக்கா, சொல்லுங்க?"

வரவில்லை. எப்படி வரும்? தூர்வாரும் நாளில் மணியக்காரர் கோலோடு நின்று வீடுவீடாகப் பெயர் கூப்பிடுவார். அந்த வீட்டு ஆண் முன்னால் வந்து கோலுக்குத் தொப்பியை எடுத்துவிட்டு, "மண்வெட்டி வந்திருக்கு" என்று சொல்ல வேண்டும். அத்திக்கொம்பைப் பிடித்திருக்கும் தம்பிக்கு முன்னால் அண்ணன் தொப்பியை எடுப்பதா? அவர் மகன்கள் இருவரும் சிலிப் படைக்கு ஆள் பிடித்த ஆண்டில் பெருவின் தலைநகரான லிமாவுக்குப் போய்விட்டவர்கள். வேறு ஆண் வீட்டில் இல்லை. ஆகவே யாரும் போகவில்லை. ஆனாலும் தண்ணீர் தவறாமல் வந்தது. சாண்டோவால் வீட்டு மடையை அடைக்க எவனுக்கும் துணிச்சல் இல்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

அதை உரக்கவே சொன்னார். திபுர்சியோ அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நெஜமாவே உங்களுக்குத் தெரியாதா? ரொசெந்தோ முதல்ல உங்க வீட்டுப் பேரைக் கூப்பிடுவான். அவனே தொப்பியை எடுப்பான். அவனே 'மண்வெட்டி வந்திருக்கு'ன்னு சொல்லிக்குவான். உங்க பங்கு வாய்க்காலைத் தனியா வாரி முடிச்சிட்டு அப்புறந்தான் அவன் பங்குக்குப் போவான். ஊரே பாத்துட்டு நிக்கும். நாங்க யாரும் வாயத் தொறக்கல."

எவாரிஸ்தோவின் காது மடல்கள் சூடாயின.

"யார் அவனைக் கேட்டாங்க?"

"யாரும் கேக்கல. அதான் அவன்" என்றார் திபுர்சியோ. சொன்ன மாத்திரத்தில் தான் என்ன சொன்னோம் என்று புரிந்து குடுவையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இத்தனை ஆண்டுகளாகத் தன் சோளமும் தன் அத்தியும் தன் திராட்சையும் தம்பியின் முதுகு வலியில் விளைந்தன என்பது எவாரிஸ்தோவுக்கு ஜீரணமாகவில்லை. தன் வீட்டுப் பெயருக்கு வேறொருவன் பதில் சொல்லியிருக்கிறான், அதுவும் ஊர் பார்க்க. அன்று மாலை வேலியோரம் நின்றபோது தன் திராட்சைக் கொடிகள் கூடத் தம்பியின் பக்கம் சாய்ந்திருப்பதுபோல அவருக்குத் தோன்றிற்று.

மறுநாள் காலையிலேயே கேப்டன் பஸ்குன்யான் வந்தார். முன்பைவிட நரைத்திருந்தார். தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றார். தான் நிற்க வேண்டியவன் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

"சுத்தி வளைக்க விரும்பல டோன் எவாரிஸ்தோ. உங்க தம்பியோட என்னால முடியல. தெற்கேயிருந்து ஆறு குடும்பத்தைக் கொண்டுவந்து மேட்டுல வச்சிருக்கேன். வாக்கெடுப்புன்னு ஒண்ணு வந்தா ஓட்டுப் போட ஆள் வேணும். தண்ணி இல்லேன்னா அவங்க மூட்டையைக் கட்டிடுவாங்க. பலவந்தமாத் தண்ணியை வெட்டிக் குடுத்தா உங்க ஜனங்க மண்வெட்டியைத் தூக்குவாங்க. கலவரம்னு வெளியில போனா என் மேலிடம் என் தலையை உருட்டும். கலவரமும் கூடாது, அவங்களுக்குத் தண்ணியும் வேணும்னு ரெண்டு கடுதாசியும் ஒரே ஆள்கிட்ட இருந்து வருது. நான் எங்க போக?"

"அது உங்க கஷ்டம்."

"என் கஷ்டந்தான். அதான் வந்தேன். உங்க தம்பியை எடுத்திடறேன். நீங்க வாங்க. நெஜமான கோல் உங்ககிட்டத்தானே இருக்கு? அதோட நீங்க வந்து நின்னா ஊரே கேக்கும். முதல் முறையை மட்டும் அந்த ஆறு குடும்பத்துக்கு விடுங்க. உங்களுக்கு ரெண்டாவது. சட்டப்படி பாத்தா உங்க வீட்டு மண்வெட்டி வராததால அந்த முறை இப்பவே காலிதான். நான் அதைச் சண்டையா ஆக்காம, மரியாதையாக் கேக்கறேன்."

எவாரிஸ்தோவின் கண் தானாகச் சுவரில் இருந்த கோலின் பக்கம் போயிற்று. ரொசெந்தோவின் கையிலிருந்து அத்திக்கொம்பை யாரோ பிடுங்கி அடுப்பில் போடுவது தெரிந்தது. தொப்பிகள் கழன்று இந்தப் பக்கம் திரும்புவது தெரிந்தது. இத்தனை ஆண்டுகளாக வேண்டிக்கொண்டது இப்போது கூடத்தின் நடுவில் கால்மாற்றி நின்றுகொண்டிருந்தது. பொருந்தாத ஒரு சீருடை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"தூர்வாரும் நாள் தலைமடைக்கு வர்றேன். பதிலை அங்கே சொல்றேன்" என்றார். பிறகு தன் வாய் என்ன சொல்கிறது என்று தெரியாமலே, "உக்காருங்க கேப்டன்" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கேப்டன் நாற்காலியைப் பார்த்தார், எவாரிஸ்தோவைப் பார்த்தார், மெல்ல உட்கார்ந்தார். இரண்டு நிமிடம்கூட உட்காரவில்லை. ஆனால் உட்கார்ந்துவிட்டார்.

குதிரைச் சத்தம் தேய்ந்த பிறகு எவாரிஸ்தோவின் மனைவி என்கார்னசியோன் உள்ளேயிருந்து வந்தாள். அந்த நாற்காலியை எடுத்து முற்றத்துக்குக் கொண்டுபோனாள். ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள்.

"என்ன பண்றே?"

"கழுவறேன். பெரியவர் வீட்டு நாற்காலியாச்சே. நாளைக்கு யாராவது நல்லவங்க வந்து உக்காரணும்ல?"

"பேச்சுவாக்குல வந்திடுச்சு."

"வராது. அப்படியெல்லாம் பேச்சுவாக்குல நாற்காலி வராது. உங்க தம்பி அவங்க சம்பளத்தை வாங்கறான், ஆனா ஒருநாள்கூட அந்த ஆளை உக்கார வச்சதில்ல. நீங்க சல்லிக்காசு வாங்காம நாற்காலி போட்டுட்டீங்க."

"அவனைத் தலையில தூக்கி வச்சுக்கோ! நீயும் போய் அவன் கொம்புக்கு முட்டி போடு!"

"முட்டி போட எனக்கு வலிக்கும். ஆனா போன வருஷம் தூர்வார்னன்னைக்கு அவனுக்கு ஒரு சட்டி பிகாந்தே அனுப்பினேன். நம்ம பங்கை வாரினவனுக்கு நம்ம வீட்டுச் சோறு போகணும். அந்தளவுக்கு எனக்கு மானம் இருக்கு."

ஆக, அவளுக்கும் தெரியும். குடலும் உருளைக்கிழங்கும் சிவப்பு மிளகாயும் போட்டு அவள் செய்யும் பிகாந்தேயைத் தன் வீட்டைத் தவிர வேறெங்கும் யாரும் சாப்பிட்டதில்லை என்று எவாரிஸ்தோ பெருமைப்பட்டதுண்டு. அதுவும் போயிற்று.

செய்தி காற்றைவிட வேகமாகப் பரவியது. நண்பகலுக்குள் நாற்காலியைப் பற்றி ஊருக்கே தெரிந்தது. ரொட்டிக்காரர் எவாரிஸ்தோவுக்கு வழக்கமான வணக்கம் சொல்லாமல் ரொட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் ரொசெந்தோ வந்தான். கோல் சண்டைக்குப் பிறகு அவன் அந்த வாசற்படியை மிதித்ததில்லை. இப்போதும் மிதிக்கவில்லை, வேலிக்கு வெளியே நின்றான். கணுக்காலில் காய்ந்த சேறு. கையில் அந்தக் கொம்பு.

"அண்ணே."

"என்ன, நாற்காலியைப் பாக்க வந்தியா? காயப் போட்டிருக்கு, அதோ."

"நாற்காலி உங்களோடது. யாருக்கு வேணா போடுங்க. மணியம் வேணுமா உங்களுக்கு? எடுத்துக்குங்க. நெஜமாத்தான் சொல்றேன். எனக்கு அலுத்துப் போச்சு. பக்கத்து ஊர்ல நம்மாளுங்க பாதிப் பேர் என்னைச் சிலிக்காரன்ங்கறான். சிலிக்காரன் என்னைப் பெருக்காரன்ங்கறான். பொண்டாட்டி மட்டுந்தான் என்னை ரொசெந்தோன்னு கூப்பிடறா."

எவாரிஸ்தோ திடுக்கிட்டார். தான் நெஞ்சு கரிய ஏங்கிய ஒன்றை இவன் காலில் ஒட்டிய சேற்றைப்போல உதறிவிடத் தயாராக நிற்கிறான். அவன் வைத்திருந்தபோது வராத அளவு கோபம், அவன் விட்டுக்கொடுத்தபோது பொங்கிக்கொண்டு வந்தது.

"உன் எச்சில் எனக்கு எதுக்குடா?"

"சரி, வேண்டாம். ஒண்ணே ஒண்ணு. முதல் முறையை விட்டுடாதீங்க. முதல் வீடு போனா ரெண்டாவது வீடு நிக்காது. வரிசையா எல்லாரும் வித்துட்டு லிமாவுக்கு ரயிலேறிடுவாங்க. அப்புறம் வாக்கெடுப்பு வந்தா யார் போடுவா ஓட்டு, ஆட்டுக்குட்டியா? மண்வெட்டியோட வாங்க. கேப்டன் நிக்கிறப்ப நானே கூப்பிட்டு நானே பதில் சொல்ல முடியாது."

"இத்தனை வருஷம் சொன்னியே. என் பேருக்கு நீ யாருடா பதில் சொல்ல?"

ரொசெந்தோ தலையைக் குனிந்தான். "தப்புதான். ஆனா சொல்லாட்டி உங்க மடையை நானே அடைச்சிருக்கணும். அதுக்குக் கை வரல."

"உன் அத்திக்கொம்புக்கு நான் தொப்பி எடுக்கணும், அதானே உன் ஆசை?"

"அண்ணே, நீங்க தொப்பியே இல்லாம வாங்க! அப்ப எடுக்க வேண்டியதில்லல்ல?"

சொல்லிவிட்டு ரொசெந்தோவே சிரித்துவிட்டான். எவாரிஸ்தோவின் உதடும் துடித்தது. அதை அடக்கிக்கொண்டு வேலிக்கதவைச் சாத்தினார். சாண்டோவால் வீட்டுத் தலைவன் தலையில் தொப்பியில்லாமல் ஊருக்குள் நடப்பதாவது!

தூர்வாரும் நாளன்று பொழுது விடிந்ததும் அவர் கழுதையின் மேல் இரண்டு பொருள்களை ஏற்றினார். ஒன்று மண்வெட்டி. இன்னொன்று, போர்வையில் சுற்றிய கோல். எது எதற்கு என்று அவருக்கே தெரியாது. மணியத்தை ஏற்றுக்கொண்டால் கோல் வேண்டும். வரிசையில் நின்றால் மண்வெட்டி வேண்டும். போகிற வழியில் முடிவு செய்துகொள்ளலாம் என்று நினைத்தார். வழி முடிந்தது, முடிவு வரவில்லை.

கடற்பனி இன்னும் விலகியிருக்கவில்லை. தலைமடையில் ஊர் முழுவதும் கூடியிருந்தது. ஆண்கள் மண்வெட்டியோடு, பெண்கள் சட்டிகளோடும் சோள மதுவோடும். எவாரிஸ்தோ வந்தபோது வழிவிட்டார்கள். மரியாதைக்கு விட்ட வழிபோல அது இல்லை. ஈரச் சாயம் பூசிய சுவரிலிருந்து விலகுவதுபோல விலகினார்கள். நாற்காலி இங்கும் வந்து சேர்ந்திருந்தது.

ஒரு பக்கம் கேப்டன் குதிரைமேல் இருந்தார். அருகில் தெற்கிலிருந்து வந்த ஆறு பேர், கம்பளி அங்கிகளில், புது மண்வெட்டிகளோடு. அவர்களில் மூத்தவன் ஒனோஃப்ரே கார்கமோ என்பவன். சிலியின் தென்கோடி மழைத் தீவுகளில் பிறந்தவன். தண்ணீருக்கு வரிசை உண்டு என்பதையே இங்கே வந்துதான் அறிந்தவன். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் மண்வெட்டிப் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

எவாரிஸ்தோ வாய்க்காலைப் பார்த்தார். தன் வீட்டுப் பங்கை இரண்டு வெள்ளைக் கற்கள் குறித்தன. அதற்குள் கரை நேராகச் சீவியிருந்தது, போன ஆண்டு வேலை. அடித்த அடியில் தம்பியின் கை தெரிந்தது. ரொசெந்தோவுக்குச் சின்ன வயதிலிருந்தே மண்வெட்டியை இடது பக்கமாகச் சாய்க்கும் பழக்கம். அந்தச் சாய்வு எவாரிஸ்தோவின் பங்கு முழுவதும் கையெழுத்துப்போல ஓடிற்று.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் கேப்டன். எவாரிஸ்தோவைப் பார்த்துத் தலையசைத்தார். ஊர் அதையும் கவனித்தது.

ரொசெந்தோ மேட்டில் ஏறி நின்றான். கொம்பைத் தரையில் ஊன்றினான். அப்பா கூப்பிடும் அதே இழுவையில், அதே சொற்களில் கூப்பிட்டான்.

"வில்காபாத்தாவின் முதல் வீடு! சாண்டோவால் வீடு!"

ஒரு கழுதை தும்மியது. கேப்டன் முன்னால் சாய்ந்தார். ரொசெந்தோ அண்ணனைப் பார்க்கவில்லை. தூரத்து மலையைப் பார்த்தான். அவன் உதடுகள் லேசாகப் பிரிந்தன. பழக்க தோஷம். இத்தனை ஆண்டுகளாகச் சொன்ன பதில் அவன் நாக்கின் நுனியில் நின்றது.

எவாரிஸ்தோ அந்த உதடுகளைப் பார்த்தார். இன்னொரு நொடியில் இவன் சொல்லிவிடுவான். எல்லாருக்கும் முன்னால், கேப்டனுக்கும் முன்னால், இந்த வீட்டின் பெயரை மறுபடியும் இவனே வாயில் எடுத்துக்கொள்வான். சிலியும் பெருவும் வாக்கெடுப்பும் அந்த நொடியில் அவர் நினைவில் இல்லை. இவன் சொல்லக் கூடாது என்பது மட்டுமே இருந்தது.

"பொறுடா!"

போர்வையை உதறினார். வெள்ளிப்பூண் பனியில் மங்கலாக மின்னிற்று. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. கேப்டனின் முகம் மலர்ந்தது. எவாரிஸ்தோ கோலை உயர்த்திப் பிடித்தபடி மேட்டில் ஏறினார். ரொசெந்தோ ஒரு அடி பின்வாங்கி இடம் விட்டான். அவன் கண்ணில் வருத்தம் இல்லை, அலுப்பு மட்டும் இருந்தது.

எவாரிஸ்தோ அந்த மேட்டிலிருந்து கீழே பார்த்தார். ஒரு தொப்பியும் அசையவில்லை. கோலைத் தெரிந்த கண்கள்தான் எல்லாமே. ஆனால் அவை கோலைப் பார்க்கவில்லை, கேப்டனின் மலர்ந்த முகத்தையும் எவாரிஸ்தோவையும் மாறி மாறிப் பார்த்தன. இப்போது இங்கே நின்றால், கழலும் தொப்பிகள் அந்தக் குதிரைக்காகத்தான் கழலும்.

அவர் தம்பியின் கையிலிருந்து அத்திக்கொம்பைப் பறித்தார். அந்தக் கையில் அப்பாவின் கோலைத் திணித்தார். கீழே இறங்கினார். கழுதையின் மேலிருந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையின் முன்னால் போய் நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

"சாண்டோவால் வீட்டு மண்வெட்டி வந்திருக்கு!" என்றார். பிறகு திரும்பி ஊர் முழுவதையும் முறைத்தார். "தொப்பி எங்கப்பா கோலுக்கு. இவனுக்கில்ல. யாராவது தப்பா நினைச்சீங்க, தெரியும் சேதி."

முதலில் திபுர்சியோ சிரித்தார். பிறகு பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. பிறகு தொப்பிகள் வரிசையாகக் கழன்றன.

"டோன் எவாரிஸ்தோ" என்றார் கேப்டன், தாழ்ந்த குரலில். "பதில் சொல்றேன்னீங்க."

"சொல்லிட்டேனே. எல்லாருக்கும் கேட்டுச்சே."

ரொசெந்தோ கோலை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். குரல் சற்று உடைந்திருந்தாலும் வீடுகளைத் தொடர்ந்து கூப்பிட்டான். கடைசி வீடும் முடிந்தபின் மூச்சுவிட்டு, அந்த ஆறு பேர் பக்கம் திரும்பினான்.

"மண்வெட்டி கொண்டுவந்தவங்களுக்குத் தண்ணி உண்டு. அதுதான் இந்த வாய்க்காலோட சட்டம். புதுசா வர்றவங்களுக்குக் கடைசி முறை. எங்க தாத்தாவும் அப்படித்தான் சேர்த்தாரு. கார்கமோ வீடு!"

ஒனோஃப்ரே கார்கமோ கேப்டனைப் பார்த்தான். கேப்டன் கூட்டத்தின் கைகளில் இருந்த மண்வெட்டிகளைப் பார்த்தார். ஒருவேளை மேலிடத்தின் இரண்டு கடிதங்களையும் மனத்தில் புரட்டியிருக்கலாம்.

"கடைசி முறைன்னா எங்களுக்கு எப்படியும் வருமா?" என்று ஒனோஃப்ரே கேட்டான்.

"ரொசெந்தோ வரும்னா வரும்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"அப்ப வரட்டும் கேப்டன். தண்ணி வந்தாச் சரி" என்று ஒனோஃப்ரே தன் கம்பளிக் குல்லாயைக் கழற்றினான். "மண்வெட்டி வந்திருக்கு."

கேப்டன் குதிரையைத் திருப்பினார். தோற்றவரைப்போலவும் தெரியவில்லை, வென்றவரைப்போலவும் தெரியவில்லை. மேலிடத்துக்கு, புதுக் குடிகளுக்குக் கலவரமின்றித் தண்ணீர் ஏற்பாடாகிவிட்டது என்று அவர் எழுதக்கூடும். அது பொய்யுமல்ல.

அன்று எவாரிஸ்தோ யாரையும் தன் பங்குக்குள் விடவில்லை. உதவிக்கு வந்த திபுர்சியோவைத் துரத்தினார். இடுப்பு ஒடிய வாரினார். பக்கத்துப் பங்கில் ரொசெந்தோ வாரிக்கொண்டிருந்தான். கோலைக் கரையில், ஒரு சுத்தமான துணியின்மேல் வைத்திருந்தான். அது அவனுக்கு நன்றாகத்தான் பொருந்திற்று. மேட்டில் நின்றபோது அப்பாவைப்போலவே இருந்தான். அதை எவாரிஸ்தோ பார்த்தார், பார்த்ததும் மண்வெட்டியை இன்னும் ஆழமாக இறக்கினார்.

மதியம் என்கார்னசியோன் பிகாந்தேயை இரண்டு தட்டுகளில் போட்டாள். இரண்டும் ஒரே அளவா என்று எவாரிஸ்தோ எட்டிப் பார்த்தார்.

"பெரியவருக்கு ஒரு கரண்டி கூட" என்றாள் அவள். "பொறாமைக்குப் பசி ஜாஸ்தி."

மாலையில் ரொசெந்தோ கோலை நீட்டினான். "கொண்டுபோங்க அண்ணே. ஆணி சும்மா இருக்குமே."

"வச்சுக்கோ. அடுத்த வருஷம் நான் எதுக்குத் தொப்பி எடுக்கறது? இந்த விறகுக்கா?" என்று அத்திக்கொம்பை ஊன்றிக்கொண்டே இறங்கினார். "பூணை எலுமிச்சை போட்டுத் தேய். உன் வீட்டுல சும்மா போட்டு வச்சிருந்தா வந்து பிடுங்கிக்குவேன்."

மறுநாள் காலை தண்ணீர் திறந்தார்கள். முதலில் நனைந்தது சாண்டோவால் வீட்டு நிலம். அதைப் பார்க்க எவாரிஸ்தோ அங்கே இல்லை. தலைமடையில் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, ஓடும் தண்ணீருக்குள் அத்திக்கொம்பைச் செங்குத்தாக இறக்கிப் பார்த்தார். தன் பங்கில் தண்ணீர் கொம்பின் கணுவுக்கு மேலே ஏறிற்று. தம்பியின் பங்கில் கணுவைத் தொடவில்லை. நம்பிக்கையில்லாமல் மூன்று இடத்தில் இறக்கிப் பார்த்தார். மூன்றிலும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஈரக் கொம்பைக் காலியாயிருந்த இரண்டு ஆணிகளின்மேல் வைத்தார்.

"என்கார்னசியோன்! உன் கொழுந்தனைப் பாத்தா சொல்லு, நம்ம பங்கு நாலு விரல் ஆழம் அதிகம்னு."

"நீங்களே சொல்லுங்களேன்."

"நான் சொன்னா நல்லாயிருக்காது" என்றார் டோன் எவாரிஸ்தோ. "நீ சொல்லு. இன்னைக்கே சொல்லு."